படி யார் கையில்? கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையிலும் பண்டமாற்று

வட தமிழக ஊர்களில் ஆட்டை வாரத்துக்கு விடுவது இன்றும் உண்டு. ஒருவரிடம் காசு இருக்கும், மேய்க்க ஆள் இருக்காது. இன்னொருவருக்கு மேய்க்கத் தெரியும், ஆடு வாங்கக் காசு இருக்காது. முதலாமவர் ஒரு பெட்டைக் குட்டியை வாங்கிக் கொடுப்பார். இரண்டாமவர் வளர்ப்பார். ஈனும் குட்டிகளில் ஆளுக்குப் பாதி. ஒற்றைக் குட்டி போட்டால் இந்த ஈற்று யாருக்கு, ஆடு செத்தால் நட்டம் யாருக்கு, தாயாடு கடைசியில் யாருக்கு என்பதற்கெல்லாம் ஊருக்கு ஊர் விதி உண்டு. பத்திரம் கிடையாது, முத்திரைத்தாள் கிடையாது. ஒருவருடைய முதலும் இன்னொருவருடைய உழைப்பும் காசு கை மாறாமல் சேர்ந்து ஒரு மந்தையை உண்டாக்கிவிடுகின்றன.

காசில்லாமல் பொருளையும் வேலையையும் மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனை இன்று நகரங்களில் புதிதாகப் பேசப்படுகிறது. ஊர்ப்புறத்தில் அது பழைய சங்கதி. அங்கே அது எப்படி நடந்தது, எங்கே பழுதுபட்டது என்று தெரிந்துகொண்டு தொடங்கினால் பாதி வேலை முடிந்தது போல. அதைத் தெரிந்துகொள்ளக் கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும் ஏற்ற இடம். மேலே மலை, கீழே சமவெளி. இரண்டிலும் விளைவது வேறு, இரண்டுக்கும் தேவை வேறு.

பாடநூல் சொல்வதும் ஊர் செய்வதும்

பண்டமாற்று ஏன் ஒழிந்தது என்பதற்குப் பொருளியல் பாடநூல்களில் ஒரு விளக்கம் உண்டு. ஆங்கிலப் பொருளியலாளர் ஜெவன்ஸ் 1875-இல் எழுதியது அது. என்னிடம் உள்ளது உமக்கு வேண்டும். உம்மிடம் உள்ளது எனக்கு வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும். பொருந்துவது அரிது. ஆகவே பணம் பிறந்தது.

கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அறிமுகம் இல்லாத இருவர் சந்தையில் நின்று அந்தக் கணமே கணக்கை முடித்துக்கொள்ளும்போதுதான் இந்தச் சிக்கல் வரும். பணம் வருவதற்கு முன்னால் முழுக்க இப்படி உடனுக்குடன் மாற்றிக்கொண்டு வாழ்ந்த சமூகம் எதுவும் மானிடவியல் பதிவுகளில் இல்லை என்று கரோலின் ஹம்ஃப்ரி 1985-இல் எழுதினார். டேவிட் கிரேபர் 2011-இல் வெளியான கடனைப் பற்றிய தம் நூலில் அதையே விரித்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் உடனுக்குடன் மாற்றிக்கொள்வதில்லை. இன்று கொடுத்து நாளை வாங்குகிறார்கள். நடுவே இருக்கும் கால இடைவெளிதான் ஜெவன்ஸின் சிக்கலை அவிழ்க்கிறது.

தமிழ் இலக்கியத்தில் இதற்குச் சான்று இருக்கிறது. பொருளை அளந்து கொடுத்து அதே அளவைப் பின்னால் திரும்பப் பெறும் குறியெதிர்ப்பையை வள்ளுவர் ஈகையோடு சேர்க்காமல் தனியே பிரித்து வைக்கிறார். புறநானூற்றில் பெருஞ்சித்திரனார், குமணனிடம் பெற்ற பரிசிலை யார் யாருக்குக் கொடுக்கலாம் என்று மனைவிக்கு ஒரு பட்டியலே சொல்கிறார். சுற்றத்தின் பசி தீர அவளுக்கு நெடுநாள் குறியெதிர்ப்பை கொடுத்து உதவியவர்களும் அதில் இருக்கிறார்கள். வறுமையில் வீட்டை நடத்தியவள் மனைவி. அக்கம்பக்கத்தில் வாங்கியவளும் அவளே, யாரிடம் எவ்வளவு வாங்கினோம் என்ற கணக்கும் அவளிடமே இருந்திருக்க வேண்டும். பண்டமாற்றில் சந்தைக்கு வராத, பெண்கள் நடத்திய கணக்கும் இருந்தது என்பதை அந்தப் பட்டியல் காட்டிவிடுகிறது.

மலைக்கு உப்பு ஏற வேண்டும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று பிறந்தது. அதன் மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டாகக் கல்வராயன் மலை நிற்கிறது. வடக்கே சின்ன கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன். மறுபக்கச் சரிவு சேலம் மாவட்டத்தில் இறங்குகிறது. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு என்று மலைமேல் பரவியிருக்கும் ஊர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். அவர்கள் பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களின் வழிவழிக் கதை.

மானாவாரியில் சாமை, தினை விளையும். புளி, கடுக்காய், தேன் உண்டு. பிற்காலத்தில் மரவள்ளியும் மக்காச்சோளமும் வந்தன. மலையில் கிடைக்காதவற்றில் முதலாவது உப்பு. அடுத்தவை இரும்பு, துணி. மலைக்காரர் எவ்வளவு தன்னிறைவோடு வாழ்ந்தாலும் உப்புக்குக் கீழே இறங்கியே ஆக வேண்டும். மலைக்கும் சமவெளிக்கும் நடந்த மாற்றின் அடிப்படைக் காரணம் இதுதான். சங்க நூல்களில் வரும் மாற்றுகள் பலவும் இப்படித் திணையைத் தாண்டியவையே. பொருநராற்றுப்படையில் தேனும் கிழங்கும் கொண்டுவந்தவர் மீன் நெய்யும் நறவும் வாங்கிப் போகிறார்கள். கரும்பும் அவலும் கொடுத்தவர் மான்தசையும் கள்ளும் கொண்டுபோகிறார்கள். அகநானூற்றில் உப்பு விற்கும் உமணப் பெண், நெல்லும் உப்பும் சம அளவு என்று தெருவில் கூவிக்கொண்டு போகிறாள்.

அந்தக் கூவலைக் கவனிக்க வேண்டும். மாற்று விகிதம் தெரு முழுக்கக் கேட்கிறது. வாங்குபவரின் படியிலேயே அளந்துகொள்ளலாம். ஏமாற்ற இடம் குறைவு.

சோழர் காலக் கோயில்கள் ஒரு படி மேலே போய் மாற்றைக் கல்லிலேயே வெட்டி வைத்தன. கோயிலில் நந்தா விளக்கு எரிக்க 90 அல்லது 96 ஆடுகளை இடையரிடம் ஒப்படைப்பார்கள். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் மூத்தாலும் மந்தையில் பிறக்கும் குட்டிகளால் எண்ணிக்கை நிரம்பிவிடும் என்பதால் சாவா மூவாப் பேராடு என்று எழுதினார்கள். முதல் கோயிலுடையது, உழைப்பு இடையருடையது, மிகுந்த குட்டிகளும் பாலும் அவருக்கு. இன்றைய ஆட்டு வாரத்துக்கு இது பாட்டன் முறை. எவ்வளவு ஆடு, எவ்வளவு நெய் என்பது வருவோர் போவோர் பார்க்கும் சுவரில் இருந்தது.

அளவு கை மாறிய கதை

இதுவரை சொன்னதை மட்டும் கேட்டால் பழங்காலம் பொற்காலம் என்று தோன்றிவிடும். அப்படி இல்லை.

1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயர் செங்கல்பட்டு ஜாகிரின் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அந்தப் பதிவுகளைப் பின்னாளில் தரம்பால் வெளிக்கொணர்ந்தார். களத்து நெல்லில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது அதில் வரிசையாக இருக்கிறது. தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர், வெட்டியான், கணக்கர், கோயில் என்று எல்லாருக்கும் மேரை என்னும் களத்துப் பங்கு உண்டு. ஊர் தன் தேவைகளைத் தானே நிறைவேற்றிக்கொண்ட அழகான ஏற்பாடு என்று அதைப் பாராட்டுவோர் உண்டு. பாராட்ட இடமும் இருக்கிறது. கொல்லர் கலப்பைக் கொழு அடித்துக் கொடுத்த அன்றே கூலி கேட்கவில்லை, அறுவடையில் வாங்கிக்கொண்டார்.

ஆனால் வண்ணார் மகன் வண்ணாராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் அதே ஏற்பாட்டின் விதி. பங்கு போதாது என்று அவர் அடுத்த ஊருக்குப் போய்விட முடியாது. களத்தில் மரக்கால் பிடித்தவர் நிலம் உடையவர். சாதி விதித்த வேலையை மறுக்க வழியே இல்லாதவர் வாங்கும் நெல்லை மாற்று என்று எப்படிச் சொல்வது?

மலைமேலும் இதற்கு இணையான கதை உண்டு. கல்வராயன் மலை நெடுங்காலம் சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் ஜாகிர்தார்களின், அதாவது நிலமானியத் தலைவர்களின், ஆளுகையில் இருந்தது. நாடு விடுதலை பெற்று ஒரு தலைமுறை கழிந்த பின், 1976-இல்தான் அந்த ஆளுகை முடிந்து மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே 1976-இல். வாங்கிய முன்பணத்துக்காக ஒருவரோ அவர் குடும்பமோ கூலியில்லாமலோ குறைந்த கூலிக்கோ உழைத்துக் கழிப்பதை அந்தச் சட்டம் குற்றமாக்கியது.

ஜாகிர் போனாலும் முன்பணம் போகவில்லை. மலைப்பகுதிகள் பலவற்றில் நெடுநாளாக இருந்துவரும் வழக்கம் இது. சாமை ஆடியை ஒட்டி விதைப்பாகும். அறுவடை ஐப்பசி, கார்த்திகைக்கு மேல். இடையே குதிர் காலியாகும். அந்த மாதங்களில் வியாபாரி அரிசியோ துணியோ கைச்செலவுக்குப் பணமோ கொடுப்பார். மாசி, பங்குனியில் புளி உலுக்கும்போது வந்து எடை போடுவார். கடன் கணக்கு அவர் நோட்டில், தராசு அவர் கையில், விலையும் அவர் வாயில். மூன்றும் ஒரே ஆளிடம் இருக்கும்போது மரத்திலிருக்கும் புளி காய்க்கும் முன்பே விற்றுப்போய்விடுகிறது. பண்டமாற்றின் கால இடைவெளிக்கு இரண்டு முகம். கணக்கு பொதுவில் இருந்தால் அது நம்பிக்கை. ஒருவர் பெட்டிக்குள் இருந்தால் அதுவே தூண்டில்.

இந்தப் பிடியைத் தளர்த்தத்தான் 1970-களில் பழங்குடியினர் பகுதிகளில் பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. கடன், கொள்முதல், நுகர்பொருள் மூன்றையும் ஒரே கூரையின்கீழ் தருவது நோக்கம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் காட்டை நம்பி வாழ்வோருக்கு உரிமை கொடுத்தது. புளியும் தேனும் கடுக்காயும் யாருடையவை என்ற கேள்விக்குச் சட்டம் பதில் சொல்லிவிட்டது. அவற்றை யார் எடை போடுவது என்ற கேள்வி ஊருக்கு விடப்பட்டிருக்கிறது.

இன்றும் நடப்பவை

காசில்லா மாற்றில் இன்றுவரை தாக்குப்பிடித்தவற்றைப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது: அளவு இருதரப்பின் கண்ணுக்கும் படுகிறது.

ஆட்டுக்கிடையை எடுத்துக்கொள்ளலாம். அறுவடை முடிந்த நிலத்தில் இராத் தங்க மந்தையை அடைப்பார்கள். படலை இன்று ஓரிடம், நாளை அதை ஒட்டி அடுத்த இடம் என்று நகர்த்துவார்கள். நிலம் முழுக்க ஒரே சீராகப் புழுக்கை விழும். மூத்திரம் மண்ணில் ஊறும். மந்தையை நடத்தும் கீதாரிக்கு நெல், சாப்பாடு; இப்போதெல்லாம் இரவுக்கு இவ்வளவு என்று காசும் புகுந்துவிட்டது, முறை மட்டும் மாறவில்லை. எத்தனை ஆடு, எத்தனை இரவு என்பதை யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கலாம். இருதரப்புக்கும் அடுத்த ஆண்டு ஒருவரையொருவர் தேவை.

செக்குக்காரர் கடலையை ஆட்டிக் கொடுத்துக் கூலிக்குப் பிண்ணாக்கை எடுத்துக்கொள்வதும், சிறு அரைவை மில்லில் தவிட்டை விட்டுவிட்டு வருவதும் இதே வகைதான். நடவுக்கும் களையெடுப்புக்கும் மாத்தாள் வைப்பது இன்னொன்று. இன்று என் கழனிக்கு நீங்கள், நாளை உங்கள் கழனிக்கு நான். ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் என்பதால் இதில் அளவுச் சண்டையே எழாது.

அண்மைக்காலத்தில் வேரூன்றிய மாற்று, விதை. 2006-இல் திருவாரூர் மாவட்டம் திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் தொடங்கிய நெல் திருவிழாவில் நெல் ஜெயராமன் ஒரு விதி வைத்தார். மரபு நெல் விதை 2 கிலோ வாங்கிப் போகிறவர் அடுத்த ஆண்டு 4 கிலோ கொண்டுவந்து தர வேண்டும். ஒன்றுக்கு இரண்டு என்றால் கந்துவட்டி போலத் தோன்றலாம். ஒரு நெல் பயிராகி எத்தனை மணி தருகிறது என்று அறிந்த உழவருக்கு அது பாரமே இல்லை. திரும்பி வந்த விதை எந்த ஒரு தனியாள் கைக்கும் போகவில்லை; அடுத்த உழவருக்குப் போனது. ஜெயராமன் 2018 டிசம்பரில் மறைந்த பிறகும் இரண்டுக்கு நான்கு என்ற கணக்கு உழவர்கள் வாயில் நிற்கிறது. விதை மாற்றுக்குச் சட்டத் தடையும் இல்லை. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், தம் விளைச்சலிலிருந்து எடுத்த விதையைச் சேமிக்கவும் மாற்றிக்கொள்ளவும் பகிரவும் உழவருக்கு உரிமை தருகிறது. வணிகப் பெயரிட்ட பாதுகாக்கப்பட்ட விதையாக விற்கத்தான் கூடாது.

வெளியே இரண்டு அனுபவம்

மலைக்கும் சமவெளிக்கும் நடக்கும் மாற்று, திருவிழாவாகவே நிற்குமிடம் அசாம். மோரிகாவ் மாவட்டத்தில் ஜாகிரோடு அருகே சனவரியில், மாக் பிஹு முடிந்த கையோடு, ஜோன்பீல் மேளா கூடுகிறது. திவா, கார்பி முதலிய மலை மக்கள் இஞ்சி, மஞ்சள், மிளகாய் கொண்டு இறங்குகிறார்கள். சமவெளிக்காரர் அரிசிப் பலகாரமும் கருவாடும் வைத்துக் காத்திருக்கிறார்கள். தேதியும் இடமும் எல்லாருக்கும் தெரிந்தவை. மாற்று நடப்பது திறந்த வெளியில். ஆண்டுக்கு ஒருமுறை என்பதால் அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. உறவைப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

எச்சரிக்கை தருவது அர்ஜென்டினா. 1995-இல் பியூனஸ் அயர்ஸ் அருகே பெர்னாலில் சில அண்டைவீட்டார் சேர்ந்து ஒரு மாற்றுச் சங்கம் தொடங்கினார்கள். நாட்டின் பொருளாதாரம் சரிந்த 2001, 2002-இல் மக்கள் அலையலையாகச் சேர்ந்தார்கள். கணக்குக்காக அச்சிட்ட சீட்டுகள் ஊர் தாண்டிப் புழங்கின. கள்ளச் சீட்டு புகுந்தது, நம்பிக்கை போனது, சங்கங்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. முகம் தெரிந்த வட்டத்தைத் தாண்டியதும் மாற்று பணமாகிவிட்டது. பணத்துக்கு இருக்கும் காவல் மட்டும் அதற்கு இல்லை.

ஊரில் தொடங்குவதென்றால்

இவ்வளவையும் வைத்துக்கொண்டு, சின்னசேலம் பக்கத்து ஊரிலோ வெள்ளிமலையிலோ ஒரு குழு தொடங்க நினைத்தால் என்ன செய்யலாம்?

முதலில் ஆள். இருபது, இருபத்தைந்து வீடு போதும். ஒருவர் இன்னொருவரை ஏமாற்றிவிட்டு அதே தெருவில் நடக்க முடியாத அளவுக்குச் சிறிதாக இருப்பது நல்லது. இதற்குப் புதிதாகச் சங்கம் தேட வேண்டாம். 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று தமிழ்நாடு முழுக்க இருக்கின்றன. முறையாகக் கூடுவது, நோட்டு எழுதுவது, எல்லாரும் கேட்க வாசித்துக் காட்டுவது ஆகிய மூன்றும் அவர்களுக்குக் கைவந்தவை.

அடுத்தது பட்டியல். ஒவ்வொரு வீட்டிலும் கொடுக்க என்ன இருக்கிறது, வாங்க என்ன வேண்டும் என்று தனித்தனியே எழுத வேண்டும். கேட்டால் பலர் எங்களிடம் என்ன இருக்கிறது என்றுதான் தொடங்குவார்கள். கூரை வேயத் தெரியும், மோட்டார் பழுது பார்க்கத் தெரியும், ரவிக்கை தைப்பேன், விண்ணப்பம் எழுதுவேன், சாமையைக் கல் நீக்கிப் புடைத்துத் தருவேன், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவேன் என்று மெல்ல வரும்.

வேலையையும் பொருளையும் ஒரே கணக்கில் போட்டுக் குழப்பக் கூடாது. வேலைக்கு மணிநேரம்தான் அளவு. 1973-இல் ஜப்பானின் ஒசாகாவில் தெருகோ மிசுஷிமா தொடங்கிய உழைப்பு வங்கியிலிருந்து அமெரிக்காவில் எட்கர் கான் பரப்பிய நேர வங்கி வரை ஒரே விதி: யார் செய்தாலும் ஒரு மணி ஒரு மணிதான். தையற்காரி இரண்டு மணி தைத்துக் கொடுத்தால் அவர் பெயரில் இரண்டு மணி வரவு. அதை அதே வீட்டில் வாங்க வேண்டியதில்லை. மூன்றாம் வீட்டுப் பையனிடம் மோட்டார் பழுதுக்குச் செலவழிக்கலாம். டிராக்டர் ஓட்டினால் ஓட்டியவரின் நேரம் மட்டும் மணிக்கணக்கில் சேரும். டீசலுக்குக் காசு தனி. இதை முதல் கூட்டத்திலேயே பேசாவிட்டால் மூன்றாம் கூட்டத்தில் சண்டை.

பொருளுக்கு எடை. படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் மாறுபட்டவை. குவித்து அளப்பதா, தலைதட்டி அளப்பதா என்பதிலேயே ஒரு கை தானியம் போய்விடும். குழுவுக்குச் சொந்தமான ஒரு தராசு பொது இடத்தில் இருக்கட்டும். ஒரு கிலோ கொட்டை நீக்கிய புளிக்கு எத்தனை கிலோ அரிசி என்பதைப் பருவத்துக்கு ஒருமுறை எல்லாரும் உட்கார்ந்து முடிவு செய்து சுவரில் எழுதிவிட வேண்டும். புளி கொட்டையோடா, நார் எடுத்ததா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும், ஏனென்றால் கொட்டை நீக்கும் உழைப்பு முழுக்கப் பெண்களுடையது. விகிதத்தில் அது மறைந்துபோனால் மாற்றின் நட்டம் அவர்கள் தலையில் விழும்.

சீட்டு அச்சிட வேண்டாம். அர்ஜென்டினா ஒரு காரணம். இன்னொன்று சட்டம்: கொண்டுவருபவருக்குப் பணம் தரப்படும் என்ற வகைச் சீட்டைத் தனியார் வெளியிடுவதை 1934-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம் தடுக்கிறது. நோட்டுப் புத்தகத்தில் வரவு பற்று எழுதினால் போதும். பொருளுக்குப் பொருள் மாற்றுவது சட்டப்படி செல்லும் ஒப்பந்தமே. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு அதற்கு வரையறையே தருகிறது. கடை வைத்து வணிகமாகச் செய்கிறவர் ஜிஎஸ்டியில் பண்டமாற்றும் வழங்கலில் அடங்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுக்குக் கீரை கொடுத்து முருங்கைக்காய் வாங்குகிறவருக்கு அந்தக் கவலை வேண்டாம்.

கடைசியாக மூன்று வரம்பு. யாருடைய பற்றும் ஓர் அளவுக்கு மேல் போகக் கூடாது. உதாரணத்துக்கு, பத்து மணி வேலை அல்லது பத்து கிலோ அரிசி. தையிலும் ஆடியிலும் கணக்கைத் தீர்த்துவிட வேண்டும். வரும் விளைச்சலின் மேல் முன்பணமோ முன்பொருளோ கொடுப்பதைக் குழு அடியோடு விலக்க வேண்டும். பழைய நோய் அந்த வாசல் வழியாகத்தான் மீண்டும் நுழையும்.

எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

மாற்றால் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாது. பேருந்துச் சீட்டு, மருந்து, அலைபேசி எல்லாவற்றுக்கும் காசுதான் வேண்டும். கூலிவேலைக்கும் மாற்றைக் காரணம் காட்டக் கூடாது. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கூலியைப் பணமாகவே தர வேண்டும் என்று பொதுவிதி வைத்தது; களத்து மேட்டில் மரக்காலை யார் பிடித்தார் என்ற பழைய அனுபவம் அதன் தேவையைக் காட்டுகிறது. முதலாளி கூலிக்குப் பதில் தானியம் கொடுத்துவிட்டு அதைப் பண்டமாற்று என்று சொன்னால் ஏற்கத் தேவையில்லை.

மாற்றால் ஆவது, காசுக்கான தேவையை முடைமாதங்களில் குறைப்பது. ஆவணியில் வீட்டுக்குத் தையற்கூலியும் பழுதுக்கூலியும் பத்து கிலோ அரிசியும் காசில்லாமல் நடந்துவிட்டால், வியாபாரியிடம் கை நீட்ட வேண்டிய தொகை அந்த அளவுக்குக் குறையும். புளி காய்க்கும் வரை புளி குடும்பத்துடையதாகவே இருக்கும். கல்வராயன் மலை போன்ற இடத்தில் இது சிறு இலாபம் அல்ல.

ஒரு குழு நன்றாக நடக்கிறதா என்று பார்க்க எத்தனை பேர் சேர்ந்தார்கள், எவ்வளவு மாறியது என்ற கணக்கு பெரிதாக உதவாது. குழுவிலேயே வசதி குறைந்த வீட்டுக்காரரைப் பார்க்க வேண்டும். தனக்குக் கட்டாத ஒரு மாற்றை அவர் வேண்டாம் என்று சொல்ல முடிகிறதா? சொன்ன பிறகும் அடுத்த வாரம் அதே தராசின் முன் அதே விகிதத்தில் அவருக்குக் கிடைக்கிறதா? ஆம் என்றால் அந்த ஊரில் பண்டமாற்று தொடங்கிவிட்டது. இல்லை என்றால், நோட்டுப் புத்தகம் புதிதாக இருந்தாலும் நடப்பது பழைய களத்து மேட்டுக் கணக்குதான்.